இனாமின் ஆயுள்

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்கு என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். ஃப்ளோரிடாவில் வேலை. அலுவலக நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, அடுத்த நாள் காலையில் ஒரு விசைப்படகை அரை நாளுக்கு வாடகைக்குப் பிடித்துக் கடலில் தூண்டில் போடப் போகிறார்களாம். வாடகை 800 டாலர். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

"மாமா, படகுல கூட வர்ற பையனுக்கு இருபது பர்சென்ட் தனியாக் குடுக்கணுமாம். நூத்தறுபது டாலர். ஒரு மீன்கூட மாட்டலைன்னாலும் குடுக்கணுமாம். இது என்ன கணக்கு?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதியவன் நான். தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் கவரில் பெயர் எழுதி, நோட்டை எண்ணி வைத்து ஒட்டியதெல்லாம் இந்தக் கைதான். "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். யோசிக்கப் போனால், 160 டாலர் என்னைக் குரங்கின் மூளை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் படகு. அந்த ஊரில் இப்படிப்பட்ட படகுகளில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவர் கேப்டன், பல நேரம் முதலாளியும் அவரே. இன்னொருவர் உதவியாள், 'மேட்' என்கிறார்கள். இரை வெட்டுவது, தூண்டிலில் மாட்டுவது, நாலு பேர் தூண்டில் நரம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சிக்கெடுப்பது, துள்ளும் மீனைக் கொக்கியிலிருந்து கழற்றுவது, அலையில் தலைசுற்றி வாந்தியெடுக்கிறவருக்கு முதுகு தடவுவது, கரை சேர்ந்ததும் மீனை அறுத்துச் சுத்தம் செய்து பையில் கட்டிக் கொடுப்பது, கடைசியில் படகைக் கழுவுவது எல்லாம் அவர் தலையில். வாடகைப் பணத்தில் டீசல், இரை, பராமரிப்பு போக மிச்சம் முதலாளிக்கு. உதவியாளுக்கு நாள் கூலி கொஞ்சம்தான். பல படகுகளில் பயணிகள் கையில் வைக்கும் பணத்தை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது. வாடகையில் 15 முதல் 20 சதவீதம் என்பது அங்கே எழுதாத சட்டம். கரையில் இறங்கும்போது, கைகுலுக்கும் சாக்கில் கொடுப்பது வழக்கம். மீன் கிடைக்காததற்கு அவர் பொறுப்பில்லை, கடல்தான் பொறுப்பு. ஆகவே வெறுங்கூடை என்றாலும் கொடுக்க வேண்டும்.

நம் கரையில் இந்தக் கேள்வியே எழாது. தூத்துக்குடிப் பக்கம் போய் ஒரு படகுக்காரரிடம் இருபது சதவீத இனாம் பற்றிப் பேசினால் சிரிப்பார். அங்கே கணக்கு பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பகுதி. எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். குழம்புக்கு நாலு மீன் தனியாகக் கைக்கு வரும். நிறையப் பட்டால் எல்லாருக்கும் நிறைய. பட்டினி என்றால் எல்லாருக்கும் பட்டினி. நட்டத்தைப் பிரித்துச் சுமப்பதற்கு இதைவிடப் பழைய ஏற்பாடு உலகத்தில் அதிகம் இல்லை. ஃப்ளோரிடாப் படகில் மீன் விருந்தாளிக்குச் சொந்தம். உதவியாளுக்கு மீனிலும் பங்கில்லை, வாடகையிலும் பங்கில்லை. அந்த 20 சதவீதம் வேறொன்றுமில்லை, வாய்விட்டுச் சொல்லாத பங்கு.

ஆனால் பங்கு என்றால் சண்டை போட்டு வாங்கலாம். இனாமை அப்படி வாங்க முடியாது. இங்கேதான் பொருளாதாரக்காரர்களுக்குத் தலைவலி. விடுமுறைக்கு வந்த ஒருவர் அந்தப் படகில் மறுபடி ஏறப்போவதே இல்லை. வேலையும் முடிந்துவிட்டது. கொடுக்காமல் போனால் யாரும் பிடித்து நிறுத்த மாட்டார்கள். தன் லாபத்தை மட்டும் பார்க்கிற மனிதன் அந்த இடத்தில் ஒரு காசு கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுக்கிறான்.

நல்ல சேவைக்குப் பரிசாகக் கொடுக்கிறான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லின் என்பவர் பல வருஷங்கள் இதையே ஆராய்ந்தார். உணவகங்களில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் இருந்த தொடர்பு நூலிழைதான். ஒருவர் கொடுப்பதற்கும் இன்னொருவர் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் இரண்டு சதவீதத்தைக்கூட சேவையின் தரத்தால் விளக்க முடியவில்லை. மிச்சமெல்லாம் வேறு சங்கதிகள். 1984-ல் வெளியான ஒரு சோதனையில், மீதிச் சில்லறை கொடுக்கும்போது பணிப்பெண் வாடிக்கையாளரின் உள்ளங்கையை லேசாகத் தொட்டால் டிப்ஸ் 12 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 17-க்குப் போனது. சாப்பாடு அதே சாப்பாடுதான்.

எனக்குப் பிடித்தது சாக்லேட் சோதனை. 2002-ல் வெளியானது. பில் கொடுக்கும்போது ஆளுக்கொரு சின்ன சாக்லேட் கொடுத்தார்கள். டிப்ஸ் கொஞ்சம் ஏறியது. இரண்டு கொடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் ஏறியது. அடுத்து ஒரு நாடகம். ஒன்று கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிற மாதிரி போய், ஏதோ மனசு மாறியவரைப் போல நின்று, திரும்பி வந்து இன்னொன்று கொடுத்தார்கள். சாக்லேட்டே தராத மேசைகளில் 19 சதவீதமாக இருந்த டிப்ஸ், இந்த மேசைகளில் 23 சதவீதம். ஒரே தடவையில் இரண்டு கொடுத்ததைவிட, ஒன்று கொடுத்துத் திரும்பி வந்து ஒன்று கொடுத்ததற்கு மதிப்பு அதிகம். இரண்டும் இரண்டும் நாலு என்று படித்த கணக்கப்பிள்ளைக்கு இது ஜீரணமாகாது. ஆனால் கத்தரிக்காயை நிறுத்துவிட்டுக் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மா பையில் போடுகிற கடைக்காரம்மாவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

முகத்தைப் பார்க்காத இடத்தில் என்ன ஆகிறது? ஊபர் நிறுவனம் 2017-ல் தன் செயலியில் டிப்ஸ் கொடுக்கும் வசதியைச் சேர்த்தது. பயணி இறங்கி, வீட்டுக்குப் போய், ஓட்டுநர் பார்க்காத நேரத்தில் கொடுக்கலாம். நாலு கோடிப் பயணங்களின் கணக்கைப் பொருளாதார அறிஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 16 சதவீதப் பயணங்களுக்கு மட்டும்தான் டிப்ஸ் விழுந்திருந்தது. 60 சதவீதப் பயணிகள் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. தவறாமல் கொடுத்தவர்கள் ஒரு சதவீதம். கண்ணுக்குக் கண் பார்க்கிற அந்த ஒரு நொடிதான் பாதி இனாமைக் கறந்துவிடுகிறது போல.

இனி எங்கள் அச்சக ஆபீஸ் கதை ஒன்று. ஒரு தீபாவளிக்கு முதலாளி, போனஸோடு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பைண்டிங் பகுதிப் பெண்கள் வாளியைத் தட்டிப் பார்த்து, மூடியைத் திருப்பி முகம் பார்த்து, அன்றைக்கு ஆபீஸே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் சம்படம் கொடுத்தார். சந்தோஷம்தான், ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே "இந்த வருஷம் என்ன பாத்திரம் அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் கொடுத்த தட்டைப் பார்த்து, "போன வருஷச் சம்படம் இதைவிடக் கனம்" என்றார் ஒருவர். நாலாம் வருஷம் முதலாளி பாத்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் விலைக்கு மேலேயே போனஸைக் கூட்டினார். கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர்கள் முகத்தில் கூடின பணம் தெரியவில்லை. வராத பாத்திரம்தான் தெரிந்தது. நல்லது செய்யப் போய் முணுமுணுப்பு வாங்கிய அந்த மனிதர் என்னிடம், "நான் என்னய்யா தப்புப் பண்ணேன்?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் ஸ்விட்சர்லாந்தில் ஃப்ரீபூர்க் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் அங்கே குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். தலைமுடியைவிட மெல்லிய மின்முனை ஒவ்வொரு செல்லின் துடிப்பையும் காட்டும். சும்மா இருக்கும்போது நொடிக்குச் சில துடிப்புகள். எதிர்பாராமல் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால், செல் படபடவென்று துடிக்கும். இதுவரை வியப்பில்லை. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சைகை காட்டிப் பழக்கினார்கள். பழகிய பிறகு, சைகையைக் கண்டதுமே செல் துடித்தது. சாறு வந்தபோது துடிக்கவில்லை. அதே சாறு, அதே சொட்டு, அதே நாக்கு. ஆனால் செல்லுக்கு அது செய்தியே இல்லை. மூன்றாவதாக, சைகையைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டார்கள். சாறு வர வேண்டிய அந்தச் சரியான நொடியில், வழக்கமான துடிப்பும் அடங்கி செல் மௌனமானது.

இதை ஷுல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகிய இருவரும் சேர்ந்து 1997-ல் எழுதினார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: அந்தச் செல்கள் கிடைத்ததை அளப்பதில்லை. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. கூடுதலாக வந்தால் பாய்ச்சல். நினைத்தபடி வந்தால் சும்மா. வராமல் போனால் பள்ளம். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை அடுத்த தடவை எதை எதிர்பார்க்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. இதே வாய்ப்பாட்டைக் கணினி விஞ்ஞானிகள் இயந்திரத்துக்குக் கற்றுத்தர முன்பே எழுதி வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம்.

சிவகாசிக்காரனுக்கு இதை விளக்கக் குரங்கு தேவையில்லை. லட்சுமி வெடியின் திரியில் ஊதுபத்தியை வைத்துவிட்டு ஓடி வரும் பிள்ளையைப் பாருங்கள். திரி சீறத் தொடங்கியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்த மூன்று நொடியில்தான் முழுத் தீபாவளியும் இருக்கிறது. வெடித்ததும் கதை முடிந்தது; பிள்ளை அடுத்த வெடிக்கு ஓடுகிறது. வெடி நமத்துப் போயிருந்தால்? திரி எரிந்து தீர்ந்து, ஒன்றும் நடக்காமல், ஒரு நூல் புகை மட்டும் எழும்பும். அந்த நொடியில் தெருவில் விழும் மௌனம், வெடியே வைக்காத தெருவின் மௌனத்தைவிடக் கனமானது. எங்கள் ஆபீசின் நாலாம் வருஷம் அந்த நமத்த வெடிதான். முதல் வருஷத் தூக்குவாளி சைகை இல்லாமல் விழுந்த சாறு. மூன்று வருஷத்தில் தீபாவளி வாரமே சைகையாகிவிட்டது.

இனாமுக்கு ஆயுள் குறைவு. இரண்டு தடவை கொடுத்தால் வழக்கம்; மூன்றாம் தடவை கடன். மாமூல் என்ற சொல்லே அரபியில் 'வழக்கமானது' என்ற பொருளில் புறப்பட்டு வந்ததுதான். நம்மூரில் அது எப்படிப்பட்ட வழக்கத்துக்குப் பெயராக நின்றுவிட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கமாகிப்போன கூடுதலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவ அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு மேல் 'பட்டா' என்று ஒரு படி கொடுத்தது. இன்றைக்கு லாரி டிரைவர்கள் கேட்கும் பேட்டா அதன் வாரிசு. பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளத்தில் நவாபான மீர் ஜாஃபர் சந்தோஷத்தில் அதை இரட்டிப்பாக்கினார். அது இனாம். சில வருஷத்தில் அது உரிமையாகிவிட்டது. 1766-ன் தொடக்கத்தில் ராபர்ட் கிளைவ் அந்த இரட்டைப் பட்டாவை வெட்டியதும், வெள்ளை அதிகாரிகள் ஒன்றுகூடி, எல்லாரும் ஒரே நேரத்தில் பதவி விலகுவது என்று சதி செய்தார்கள். கிளைவ் அதை அடக்கினார். தூக்குவாளி நின்றதற்கே எங்கள் ஆபீசில் முணுமுணுத்தார்கள். அந்த அதிகாரிகள் கையில் துப்பாக்கி இருந்தது. உளவியல் அறிஞர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய கோட்பாட்டை வைத்துப் பார்த்தால் இதில் அதிசயமில்லை. பத்து ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிடப் பத்து ரூபாய் இழந்த வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பின்னால் அவர்கள் போட்ட கணக்கு. எதிர்பார்த்தது வராததும் இழப்புப் பட்டியலில்தான் சேரும்.

தீபாவளி போனஸும் இப்படிப் பிறந்ததுதான். முதல் உலகப்போரில் துணிக்கு ஏகக் கிராக்கி. பம்பாய் மில் முதலாளிகள் 1917-ல் தொழிலாளிக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் போர் போனஸ் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் 15 சதவீதம். லாபம் வற்றியதும் நிறுத்தினார்கள். 1924 தொடக்கத்தில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தால் மில்கள் ஸ்தம்பித்தன. கருணையாகக் கொடுத்ததை எப்படி உரிமையாகக் கேட்கலாம் என்பது முதலாளிகள் வாதம். வருஷம் தவறாமல் கொடுத்தது எப்படிக் கருணையாகும் என்பது தொழிலாளிகள் வாதம். இரண்டு பக்கமும் நரம்புச் செல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், தெரியாமல். நாற்பது வருஷ வழக்குகளுக்குப் பிறகு 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம். எழுபதுகளில் அது 8.33 ஆனது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் 20. பூஜைக்காகவோ வழக்கமாகவோ ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு. கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று இன்னொன்று. மார்ச் 31-லிருந்து எண்ணினால் நவம்பர் 30. தீபாவளி எப்போது வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். 2019-ல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் அந்த 8.33-ஐ விடவில்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. அங்கே இனாம் சம்பளத்தின் மேல் ஏறவில்லை; சம்பளத்தை விழுங்கியது. ஜார்ஜ் புல்மன் தன் படுக்கை ரயில் பெட்டிகளில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரை வேலைக்கு வைத்தார். சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் 1925-ல் சங்கம் அமைத்து, ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போராடி, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைக்கும் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அந்நாட்டு மத்திய அரசின் சட்டப்படி முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அந்த எண் அசையவில்லை. டிப்ஸும் சேர்ந்து பொதுக் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மட்டும் முதலாளி மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். அக்கா மகன் கொடுக்கப்போகும் 160 டாலரை இனாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது முதலாளி பில்லில் எழுதாமல் விட்ட வரி.

இங்கே சிவகாசியில் ஐப்பசி பிறந்தால் ஊரே கவர்களால் நிறையும். பட்டாசு ஆலைகளில் திரி வைத்தவர்கள், மருந்து செலுத்தியவர்கள், தாள் சுற்றியவர்கள் எல்லாருக்கும் கணக்கு முடித்துப் போனஸ். பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவருக்குப் பேசின கூலிக்கு மேல் டீக் காசு. தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தெருப் பெருக்குகிறவர் வாசலில் நின்று "தீபாவளி" என்று ஒரே ஒரு சொல் சொல்வார்கள். வாக்கியத்தின் மிச்சம் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்களில் இப்படிக் கொடுக்கப்படும் கிஃப்ட் பாக்ஸும், தை பிறக்குமுன் கடைக்காரர்கள் சும்மா கொடுக்கும் தினசரி காலண்டரும் இங்கிருந்து போனவைதாம். ஊருக்கெல்லாம் இனாம் செய்து அனுப்பும் ஊர் இது. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். முடியாது. மொய்க்கு நோட்டு உண்டு. 501 வைத்தவன் பெயர் ஏறும். அவன் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பிப் போக வேண்டும். மொய் கணக்கைத் திறந்தே வைக்கும். தபால்காரருக்குக் கொடுத்த நூறு ரூபாய் எந்த நோட்டிலும் ஏறாது. அடுத்த தீபாவளிக்கு அவர் மனதில் மட்டும் ஏறியிருக்கும்.

மறுநாள் மாலை அக்கா மகனைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது, படகுத்துறைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தான்.

"நூத்தறுபதையும் குடுத்துரு மாப்ள. அது அவன் கூலி. ஆனா மொத்தமாக் குடுக்காத. முதல்ல நூத்தி இருபதைக் குடுத்து, கைகுலுக்கிட்டு நட. நாலடி போனதும் திரும்பி வந்து மிச்ச நாப்பதைக் குடு."

"எதுக்கு மாமா?"

"ஒரு சாக்லேட் கணக்கு. அப்புறம் சொல்றேன்."

ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. மீன் மூன்று மாட்டியதாம். நீங்கள் சொன்னபடியே செய்தேன் மாமா என்று எழுதியிருந்தான். நாலடி நடந்துவிட்டுத் திரும்பினானாம். பின்னால் அந்தப் பையன், இவன் ஏதோ மறந்துவிட்டான் என்று நினைத்து, படகில் கிடந்த இவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தானாம்.